ரிச்சர்டு டிரெவிதிக்: முதல் ரயில் எஞ்சினை ஓட்டியவர்

நீராவி யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவனைக் கேட்டால், ஜேம்ஸ் வாட் என்று தயங்காமல் விடை சொல்லுவான். ரயிலை முதலில் ஓட்டியவர் யார் என்றால், ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்பான். இரண்டு விடைகளும் சரியானவை அல்ல. வாட் தமது யந்திரத்துக்கு உரிமை பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியே, 1712-ம் வருஷத்தில், தாமஸ் நியூகோமன் என்னும் இரும்பு வியாபாரி இங்கிலாந்தில் டட்லி கோட்டையருகே நீராவி யந்திரம் ஒன்றை நிறுத்தி நீர் இறைத்துக் காட்டினார். ஸ்டீவன்சனுடைய பேர்பெற்ற ராக்கெட் எஞ்சின் ஓடியது 1829-ல். அதற்கு 25 வருஷங்களுக்கு முன்பே வேல்ஸ் நாட்டில் இருப்புப் பாதையின்மேல் ஓர் எஞ்சின் பத்து டன் இரும்பையும் எழுபது மனிதரையும் இழுத்துச் சென்றது. அதைச் செய்வித்தவர் ரிச்சர்டு டிரெவிதிக்.

இப்பெயர் கற்றோர்க்கு முற்றிலும் புதிதன்று. யந்திர நூல்களில் இரண்டொரு வரியேனும் இவருக்கு உண்டு. ஆனால் அந்த இரண்டொரு வரிகளைப் படித்தவர்களில் பலர் இவருடைய வாழ்க்கையை அறியார். பிறர் கோடீசுவரராவதற்குக் காரணமாயிருந்த இம்மனிதர், தமது சவ அடக்கத்துக்கும் காசின்றி ஒரு விடுதியில் உயிர் நீத்தார். இதை விதியின் விளையாட்டென்று சொல்லி அப்பால் செல்ல நமக்கு மனமில்லை. விதிக்குக் கை கொடுத்தவை சில உண்டு. சட்டம், மூலதனம், உலகத்தாரின் மறதி, அவருடைய சொந்தக் குணம் ஆகிய நான்குமே அவை. எதற்கு எவ்வளவு பங்கு என்று நிதானித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரங்க நாட்டுச் சிறுவன்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்குக் கார்ன்வால் என்று பெயர். அங்கே பூமிக்குள் வெள்ளீயமும் செம்பும் உண்டு, நிலக்கரி இல்லை. சுரங்கங்களை ஆழப்படுத்தும்தோறும் ஊற்று நீர் பெருகும். நீரை இறைத்தாலன்றி உலோகம் எடுக்க வழியில்லை. இறைக்க யந்திரம் வேண்டும். யந்திரத்துக்குக் கரி வேண்டும். கரியோ வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலேறி வரவேண்டும். ஆகவே ஒரு கூடை கரியில் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்ற கணக்கு அந்நாட்டாருக்கு ஜீவாதாரமான கணக்காயிருந்தது.

கேம்போர்ன், ரெட்ரூத் என்னும் இரண்டு ஊர்களுக்கு நடுவே, இல்லகன் வட்டத்தைச் சேர்ந்த டிரகஜாரன் என்ற சிற்றூரில் 1771-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி டிரெவிதிக் பிறந்தார். தந்தை சுரங்கங்களை மேற்பார்க்கும் தலைவர். அத்தகையோரைக் காப்டன் என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். பெண்கள் பலரோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளை ஆதலால் செல்லமாக வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் எடுக்கவில்லை. சொன்ன சொல் கேளாதவன், பிடிவாதக்காரன், அடிக்கடி வராதவன் என்பதே உபாத்தியாயர் அளித்த சான்று. கணக்குக்கு மட்டும் விடை சரியாகச் சொல்லுவார்; அதைச் செய்த வழி உபாத்தியாயர் கற்பித்த வழியாக இராது.

அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் சுரங்கமே. 6 அடி 2 அங்குல உயரமும், மல்யுத்தத்தில் ஈடில்லாத உடற்கட்டும் உடைய இவ்வாலிபர் 19-வது வயதிலேயே சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கினார். யந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார் என்னும்படியான கீர்த்தி சில வருஷங்களுக்குள் உண்டாயிற்று. 1797-ல் தந்தை காலமானார். அதே வருஷத்தில் ஹெய்ல் என்னும் ஊரில் வார்ப்படச்சாலை நடத்திய ஜான் ஹார்வியின் மகளாகிய ஜேன் என்பவரை மணந்தார். இவ்வம்மையாரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

சட்டத்தின் வேலி

டிரெவிதிக் வாலிபராயிருந்த காலத்தில் கார்ன்வால் முழுவதும் ஒரே பேச்சாயிருந்தது ஜேம்ஸ் வாட்டின் பேடெண்டு உரிமை. புதியது கண்டவருக்கு அதைச் செய்தும் விற்றும் பயனடையும் உரிமையைக் குறித்த காலம்வரை அரசாங்கத்தார் தனியாக அளிப்பதே பேடெண்டு எனப்படுவது.

நியூகோமனுடைய யந்திரத்தில் நீராவி பிஸ்டனை நேராகத் தள்ளுவதில்லை. சிலிண்டரை நீராவியால் நிரப்பிக் குளிர்ந்த நீரைத் தெளித்தால், நீராவி நீராகிச் சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளியே உள்ள காற்றின் பாரம் பிஸ்டனை அமுக்கும். ஒவ்வொரு முறையும் சிலிண்டரைக் குளிர்வித்துப் பின் சூடாக்க வேண்டியிருந்தமையால் கரி வீணாயிற்று. நீராவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துச் சிலிண்டரை எப்போதும் சூடாகவே இருக்கச் செய்தார் வாட். இது மகத்தான யோசனை என்பதில் ஐயமில்லை. இதற்கு 1769-ல் பேடெண்டு பெற்றார். மாத்யூ போல்டன் என்னும் பர்மிங்காம் தொழிலதிபர் பணமும் ஆளும் உதவினார். 1775-ல் பார்லிமெண்டு ஒரு தனிச்சட்டத்தால் இவ்வுரிமையை 1800 வரையில் நீட்டித்தது.

நியூகோமன் யந்திரத்தைக் காட்டிலும் எவ்வளவு கரி மிஞ்சுகிறதோ அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்கத்தார் போல்டன், வாட் கம்பெனிக்குச் செலுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் மகிழ்ச்சியோடு கொடுத்தவர்கள், நாளடைவில் முணுமுணுக்கலாயினர். பிறகு கொடுக்கவே மறுத்தனர். ஹார்ன்புளோயர், எட்வர்டு புல் முதலிய உள்ளூர் யந்திர வல்லுநர் வேறு விதமாக யந்திரம் செய்ய முயன்றபோதெல்லாம் கம்பெனியார் கோர்ட்டுக்குச் சென்றனர். டிரெவிதிக் இந்த புல் என்பவரோடு கூடி வேலை செய்தவர். டிங்டாங் என்ற சுரங்கத்தில் அவர்கள் கைவைத்த யந்திரத்துக்குத் தடையுத்தரவு வந்தது.

சட்டத் தொழிலில் பழகிய நாம் இவ்வழக்குகளைக் கவனிக்காமல் போகமுடியாது. 1795-ல் புல் பேரில் நடந்த வழக்கில், வாட்டின் பேடெண்டு செல்லுமா என்ற வினாவில் நீதிபதிகள் நால்வரும் இருவர் இருவராகப் பிரிந்துவிட்டனர். 1799-ல் ஹார்ன்புளோயர் வழக்கில்தான் வாட்டுக்குச் சாதகமாக முடிவாயிற்று. உரிமை முடிய ஒரு வருஷமே இருந்த சமயம் அது. சுரங்கத்தார் நிறுத்தி வைத்திருந்த பெருந்தொகைகளைக் கம்பெனியார் வசூலித்துக்கொண்டனர்.

வாட் செய்தது அநியாயம் என்று நாம் கூறவில்லை. பேடெண்டு இல்லாவிட்டால் போல்டன் தம் பணத்தைப் போட்டிருக்கமாட்டார். பணம் இல்லாவிட்டால் வாட்டின் யோசனை காகிதத்திலேயே நின்றிருக்கும். ஆயினும் 14 வருஷ உரிமையாகத் தொடங்கியது 31 வருஷ உரிமையாக வளர்ந்தமையால், அடுத்த தலைமுறையின் கைகள் கட்டுண்டு கிடந்தன என்பதும் உண்மை. முதலில் வருபவனுக்கு வேலியாக நிற்கும் சட்டம், பின்னால் வருபவனுக்குச் சுவராக நின்றது.

வலிய நீராவி

சுவரைத் தாண்ட டிரெவிதிக் வேறொரு வழி கண்டார். வாட்டின் உரிமை நீராவியைக் குளிர்விக்கும் தனிப் பாத்திரத்தைப் பற்றியது. அப்பாத்திரமே வேண்டாமென்றால் என்ன நஷ்டம்? நீராவி செய்யவேண்டிய வேலையைச் செய்து முடித்ததும் அதை ஆகாயத்தில் விட்டுவிட்டால் எவ்வளவு சக்தி குறையும்? இவ்வினாவைக் கணித வல்லவராகிய தம் நண்பர் டேவிஸ் கிடியிடம் கேட்டார். பிற்காலத்தில் டேவிஸ் கில்பர்ட் என்று பெயர் மாறி ராயல் சொஸைட்டியின் தலைவராக விளங்கியவர் இவர். நீராவியின் அழுத்தம் எவ்வளவாயிருந்தாலும், காற்று மண்டலத்தின் ஓர் அழுத்தமே, அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 ராத்தலே குறையும் என்று அவர் விடை சொன்னார். டிரெவிதிக் ஆனந்தங் கொண்டார். 15 ராத்தல் போனாலும் 100 ராத்தலுக்கு மேல் அழுத்தமுள்ள நீராவியை உண்டாக்கினால் என்ன குறை?

யந்திரத்தின் உருவமே இதனால் மாறிற்று. வாட்டின் யந்திரத்துக்கு ஒரு கட்டடமே வேண்டும். டிரெவிதிக்கின் யந்திரத்தை வண்டியில் ஏற்றலாம். வண்டியின் மேலேயே வைத்து அந்த வண்டியையே ஓட்டலாம். குளிர்விக்கும் பாத்திரம் இல்லை. அதற்கு வேண்டிய நீரும் இல்லை. பெருந்துலாக் கட்டை இல்லை. உருண்டு திரண்ட பாய்லருக்குள்ளேயே நெருப்பு. நெருப்பின் புகையும் வேலை முடிந்த நீராவியும் ஒரே புகைபோக்கி வழியே செல்லும். அவ்வாறு செல்லும் நீராவி காற்றை இழுத்து நெருப்பைத் தூண்டுகிறது என்பதையும் அவர் கவனித்தார். பின்னர் உலகமெங்கும் ஓடிய நீராவி ரயில் எஞ்சின்களில் நாம் கேட்ட அந்தக் குப்குப்பென்ற ஓசை இதனால் எழுந்ததே.

1801-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி மாலையில், கேம்போர்ன் ஊரின் மேட்டுப்பாதையில், தாமே செய்த நீராவி வண்டியை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஊரார் அதற்குப் புகைவிடும் பூதம் என்ற கருத்துப்படப் பெயரிட்டனர். சில நாட்களுக்குப் பின் அவ்வண்டி வழியில் பழுதாயிற்று. அதை ஒரு கொட்டகையில் தள்ளிவிட்டு, நெருப்பை அணைக்க மறந்து, எல்லோரும் விடுதிக்குச் சென்று வாத்து இறைச்சி விருந்தில் அமர்ந்துவிட்டனர். பாய்லரில் நீர் வற்றி, இரும்பு பழுக்கக் காய்ந்து, வண்டியும் கொட்டகையும் எரிந்துபோயின. இந்த ஒரு நிகழ்ச்சியில் அவருடைய குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிறர் கனவிலும் நினையாததைச் செய்துவிடுவார். செய்ததைக் காத்துக்கொள்ளத் தெரியாது.

1802-ல் தம் உறவினர் ஆண்ட்ரு விவியனோடு சேர்ந்து வலிய நீராவிக்குப் பேடெண்டு பெற்றார். அவ்வருஷமே கோல்புரூக்டேல் இரும்பாலையில் 145 ராத்தல் அழுத்தத்தில் ஒரு யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1803-ல் லண்டன் வீதிகளில் நீராவிக் கோச்சு வண்டி ஓட்டினார். குதிரை வண்டியைவிடச் செலவு அதிகமாதலால் வாங்குவார் இல்லை.

அதே 1803-ல் கிரீனிச்சில் அவருடைய யந்திரம் ஒன்றின் பாய்லர் வெடித்து நால்வர் இறந்தனர். யந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் மீன் பிடிக்கப் போய்விட்டான். வேறொரு தொழிலாளி, நீராவி வெளியேறும் வழியைத் திறவாமலே யந்திரத்தை நிறுத்திவிட்டான். அழுத்தம் மிகுந்த நீராவி ஆபத்தானது என்று முன்பே கூறிவந்த வாட் கட்சியார், இதைக் கொண்டு ஊரெங்கும் அச்சத்தைப் பரப்பினர். டிரெவிதிக் சும்மா இருக்கவில்லை. பாய்லருக்கு இரண்டு காப்பு வால்வுகள் அமைத்து, ஒன்றை வேலையாட்கள் தொடமுடியாதபடி பூட்டினார். நீர் குறைந்தால் உருகி வழிந்து நெருப்பை அணைக்கும் ஈய அடைப்பையும் வைத்தார். நால்வர் உயிருக்குக் கொடுத்த இவ்விடைகளுக்குப் பின்னரும் அவர் பழி நீங்கவில்லை. இந்த யந்திரத்தைப் புகுத்தியதற்காகத் தம்மைத் தூக்கிலிடத் தகும் என்று வாட் கூறியதாக, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் வருந்தி எழுதினார்.

பெனிடாரன் பந்தயம்

வேல்ஸ் நாட்டில் மெர்த்திர் என்னும் ஊரருகே பெனிடாரன் இரும்பாலை. அதன் முதலாளி சாமுவேல் ஹோம்பிரே, டிரெவிதிக்கின் பேடெண்டில் ஒரு பங்கை விலைக்கு வாங்கியவர். ஆலையிலிருந்து கால்வாய்த் துறையாகிய அபர்சைனன் வரை இருப்புப் பாதையில் பத்து டன் இரும்பை நீராவியால் இழுக்கமுடியும் என்று ஹோம்பிரேயும், முடியாது என்று மற்றோர் ஆலை முதலாளியாகிய ரிச்சர்டு கிராஷேயும் 500 கினி பந்தயம் கட்டினர்.

வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் சுழலுமேயன்றி முன்னேறாது என்பது அக்காலத்தில் பலருடைய எண்ணம். பாரமே பிடிப்பைக் கொடுக்கும் என்பது டிரெவிதிக்கின் துணிபு. 1804-ம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி எஞ்சின் புறப்பட்டது. ஐந்து வண்டிகளில் பத்து டன் இரும்பு. வண்டிகளின்மேல் ஏறிக்கொண்டவர் எழுபது பேர். வழியில் குறுக்கே நின்ற மரங்களை வெட்டியும் பாறைகளை அகற்றியும் செல்லவேண்டியிருந்தது. ஒன்பதே முக்கால் மைலை 4 மணி 5 நிமிஷத்தில் கடந்தது. தண்டவாளத்தின்மேல் நீராவி எஞ்சின் பாரம் இழுத்ததாக நாம் ஐயமின்றி அறியும் முதல் நாள் அதுவே.

பந்தயம் வென்றது, பாதை தோற்றது. வார்ப்பிரும்புத் தகடுகள் எஞ்சினின் பாரந் தாங்காமல் உடைந்தன. சில ஓட்டங்களுக்குப் பின் அதை ஓரிடத்தில் நிறுத்தி ஆலை வேலைக்கு உபயோகித்தனர். அடுத்த வருஷம் நிலக்கரி நாடாகிய நியூகாசில் பகுதியில், கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில், அவருடைய திட்டப்படி மற்றோர் எஞ்சின் செய்தனர். அங்கிருந்த மரப்பாதையும் அதைத் தாங்கவில்லை. ஆயினும் அந்த எஞ்சினைப் பார்த்தவர்கள் இருந்த நாட்டிலிருந்துதான் பிறகு ஸ்டீவன்சன் கிளம்பினார். வித்து ஒருவர் இட, விளைச்சலை மற்றொருவர் கண்டார்.

1808-ல் லண்டனில், இப்போது யூஸ்டன் ரயில் நிலையம் இருக்கும் இடத்துக்கருகே, வட்டமாகப் பாதை போட்டு மற்றோர் எஞ்சினை ஓட்டினார். முடிந்தால் என்னைப் பிடி என்று பொருள்படும் பெயர் அதற்கு. ஒரு ஷில்லிங் கொடுத்தவர் ஏறிச் சுற்றலாம். கட்டணங் கொடுத்து நீராவி ரயிலில் ஏறிய முதல் ஜனங்கள் அவர்களே. அங்கும் தண்டவாளம் உடைந்து எஞ்சின் கவிழ்ந்தது. அத்தோடு ரயில் எஞ்சின் வேலையையே அவர் கைவிட்டார். குற்றம் எஞ்சினில் இல்லை, பாதையில் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். பாதையைச் சீர்படுத்தப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். பணம் பிறரிடம் இருந்தது. பொறுமை அவரிடம் இல்லை.

நீரும் நஷ்டமும்

இதற்கிடையில் தேம்ஸ் நதியின் அடியே சுரங்கப்பாதை தோண்டும் வேலையை 1807-ல் ஏற்றார். 5 அடி உயரமும் 3 அடி அகலமுமே உள்ள வழியில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் குனிந்து தோண்டிச் சென்றனர். ஆயிரம் அடி தோண்டிய நிலையில், 1808 ஜனவரியில், நதி உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. தம் ஆட்கள் எல்லோரையும் முன்னே அனுப்பிவிட்டு, கழுத்தளவு நீரில் கடைசியாக வெளியேறியவர் டிரெவிதிக். மீண்டும் முயலலாம் என்று அவர் சொன்ன வழியைக் கம்பெனியார் ஏற்கவில்லை. தேம்ஸின் கீழ்ப் பாதை 1843-ல் புரூனெல் என்பவரால்தான் நிறைவேறிற்று.

கப்பல்களில் நீரும் சரக்கும் வைக்க மரப்பீப்பாய்களுக்குப் பதிலாக இரும்புத் தொட்டிகளைச் செய்யும் யோசனையும் அவருடையதே. அத்தொட்டிகளில் காற்றை அடைத்து, மார்கேட் அருகே மூழ்கிய கப்பலொன்றைத் தூக்கி நிறுத்தினார். கூலி பற்றி உடையவரோடு தகராறு வந்தது. டிரெவிதிக் கயிறுகளை அறுத்துவிட்டார். கப்பல் மீண்டும் மூழ்கிற்று. இத்தகைய கோபக்காரர் வியாபாரத்தில் எங்ஙனம் நிலைப்பார்? கூட்டாளி ஒருவரோடு நடத்திய தொழில் கெட்டு, 1811-ல் திவாலானார். கடனிற் பெரும்பகுதியைத் தம் சொந்தப் பணத்தாலேயே தீர்த்தார் என்பது அவர் நேர்மைக்குச் சான்று.

ஊர் திரும்பிய அவர், கார்ன்வால் சுரங்கங்களுக்கு 1812 முதல் செய்தளித்த பாய்லரும் யந்திரமும் அந்நாட்டின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயின. அவ்வருஷம் டிரவிதன் பண்ணையில் தானியம் அடிக்க அவர் அமைத்த சிறு யந்திரம் சுமார் 70 வருஷம் உழைத்தது. இன்று லண்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். 1811 முதல் கார்ன்வாலில் ஒவ்வொரு யந்திரமும் ஒரு கூடை கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்பதை மாதந்தோறும் அச்சிட்டு எல்லோருக்கும் தெரிவித்தனர். மறைப்பு நீங்கியது, ஒருவர் கண்டதை மற்றவர் மேலும் திருத்தினர். வாட்டின் காலத்தில் கிடைத்ததைப்போலப் பல மடங்கு வேலை அதே கரியில் கிடைத்தது. தனியுரிமையால் மட்டுமே தொழில் வளரும் என்போர் இதைச் சிந்திப்பாராக.

பெரு தேசத்தில்

தென் அமெரிக்காவில் பெரு தேசத்து ஸெரோ தெ பாஸ்கோ என்னும் இடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 14,000 அடி உயரத்தில், வெள்ளிச் சுரங்கங்கள் உண்டு. அவற்றில் நீர் நிறைந்து வேலை நின்றது. யந்திரந் தேடி இங்கிலாந்துக்கு வந்த பிரான்சிஸ்கோ உவில்லே என்பவரிடம் போல்டன், வாட் கம்பெனியார் முடியாதென்று கூறிவிட்டனர். காற்றின் பாரத்தை நம்பிய யந்திரம், காற்று மெலிந்த மலையுச்சியில் வலுவிழக்கும். மேலும் அதன் பெரும் பாகங்கள் கோவேறு கழுதையின் முதுகில் மலையேறா. மனம் உடைந்து திரும்பவிருந்த உவில்லே, லண்டன் கடையொன்றில் டிரெவிதிக் யந்திரத்தின் சிறு மாதிரியைக் கண்டு, 20 கினிக்கு வாங்கிச் சென்றார். அது மலையுச்சியில் ஓடிற்று. அதைச் செய்தவரைத் தேடி அவர் மறுபடியும் கடல் கடந்து வந்தார்.

1814-ல் ஒன்பது யந்திரங்கள் கப்பலேறின. 1816 அக்டோபரில் டிரெவிதிக் தாமே புறப்பட்டார். லிமா நகரில் அவருக்கு ராஜோபசாரம் நடந்தது. ஆனால் கூட்டாளிகளின் பொறாமை முதலில் வந்தது. விடுதலைப் போர் பின்னர் வந்தது. ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து அத்தேசத்தார் எழுந்தபோது இரு சேனைகளும் மாறி மாறிச் சுரங்கப் பகுதியை மிதித்தன, யந்திரங்கள் பாழாயின. சில காலம் பொலிவாருடைய சேனையிலும் டிரெவிதிக் இருந்தார். பிறகு கோஸ்டா ரிகாவுக்குச் சென்று அங்கும் சுரங்கம் தேடினார். அங்கிருந்து கடற்கரைக்கு வழியில்லாத காட்டில் நடந்து, வெள்ளத்தில் உயிர் தப்பி, 1827-ல் கார்ட்டஹேனா துறைமுகத்தை அடைந்தபோது அவரிடம் கப்பற் கூலிக்கும் காசில்லை.

அங்கே விடுதியில் தற்செயலாகச் சந்தித்த வாலிபர் ஒருவர் 50 பவுன் கொடுத்து உதவினார். அவர் ராபர்ட் ஸ்டீவன்சன். ஜார்ஜ் ஸ்டீவன்சனின் குமாரர். இரண்டு வருஷத்துக்குப் பின் ராக்கெட் எஞ்சினைச் செய்தவர். ரயிலின் முதல் தந்தை, ரயிலால் பெரும்புகழ் பெறப்போகும் குடும்பத்தின் தருமத்தால் தாய்நாடு திரும்பினார்.

மனைவியும் மகஜரும்

உடுத்த துணி, ஒரு கடிகாரம், திசைகாட்டி, வரைகருவி, ஒரு ஜதை வெள்ளிக் குதிமுள் ஆகியவற்றோடு 1827 அக்டோபரில் ஊர் சேர்ந்தார். பதினோரு வருஷம் கழிந்திருந்தது. இத்தனை காலமும் ஆறு குழந்தைகளைக் காத்தவர் ஜேன் அம்மையார். கணவரிடமிருந்து பணமோ ஒழுங்கான செய்தியோ வரவில்லை. தம் சகோதரரின் உதவியோடு ஹெய்லில் ஒரு விடுதியை நடத்திக் குடும்பத்தை நிறுத்தினார். டிரெவிதிக்கைப் போற்றும் நாம் இக்குற்றத்தை மறைத்தல் தகாது. உலகத்துக்கு வேலை செய்கிறவன் தன் வீட்டை மறந்தால், அக்கடனை வேறொருவர் மௌனமாகத் தீர்க்கவேண்டியிருக்கிறது. அம்மையார் 1868 வரை, 96 வயது மட்டும் வாழ்ந்தார்.

1828-ல் டிரெவிதிக் பார்லிமெண்டுக்கு ஒரு மகஜர் அனுப்பினார். தம் யந்திரத்தால் கார்ன்வால் சுரங்கங்கள் கரிச் செலவில் அடைந்த பெருலாபத்தை எடுத்துக்காட்டிப் பரிசு வேண்டினார். இது நடவாத கோரிக்கையன்று. அம்மை குத்தும் முறையைக் கண்ட ஜென்னருக்கு அதே பார்லிமெண்டு இரு தவணையாக 30,000 பவுனும், நூற்கும் யந்திரங் கண்ட கிராம்ப்டனுக்கு 1812-ல் 5,000 பவுனும் கொடுத்திருக்கிறது. டிரெவிதிக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லாபம் அடைந்தவர் பலர். அவருக்காக வாதாடச் செல்வாக்குள்ளவர் சிலரும் இல்லை.

அப்போதும் அவர் ஓயவில்லை. 1832-ல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியதன் ஞாபகமாக 1,000 அடி உயரமுள்ள வார்ப்பிரும்புத் தூண் எழுப்பலாமென்று திட்டம் வரைந்து அரசருக்கு அனுப்பினார். டார்ட்போர்டு நகரில் ஜான் ஹால் என்பவருடைய யந்திரசாலையில் புதிய சோதனைகளைச் செய்துவந்தார். அங்கே விடுதியில் நோயுற்று, 1833-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி, 62-வது வயதில் காலமானார். உறவினர் எவரும் அருகில் இல்லை. யந்திரசாலைத் தொழிலாளர் தம்முள் பணம் திரட்டி, சவத்தைத் தாமே சுமந்து சென்று அடக்கம் செய்தனர். பிணந் திருடர் அஞ்சி இரவில் காவலும் இருந்தனர். புதைத்த இடத்தில் கல் நாட்டவில்லை. இன்று அந்த இடம் சரியாகத் தெரியாது.

கடன்

பிறகு மரியாதைகள் வந்தன. குமாரர் பிரான்சிஸ், இங்கிலாந்தின் பெரிய ரயில்வே கம்பெனியொன்றில் எஞ்சின் அதிகாரியாயிருந்து, 1872-ல் தந்தையின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். பேரர் இருவர் ஜப்பானிய ரயில்வேயில் உழைத்தனர். அவருள் ஒருவர் மேற்பார்வையில் 1893-ல் கோபே நகரில் ஜப்பானின் முதல் சுதேசி எஞ்சின் உருவாயிற்று. 1888-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் டிரெவிதிக்கின் ஞாபகமாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்தனர். 1932-ல் கேம்போர்னில் சிலை எழுந்தது. பெனிடாரன் ஓட்டத்தின் இருநூறாவது ஆண்டாகிய 2004-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஞாபக நாணயம் அடித்தது.

ஆதியில் நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கூறவேண்டும். அவருடைய அவசரமும் கோபமும் அவரைக் கெடுத்தன என்பதை மறுப்பாரில்லை. ஆனால் வாட்டும் வியாபாரத்தில் சமர்த்தரல்லர். வாட்டுக்கு ஒரு போல்டன் வாய்த்தார், டிரெவிதிக்குக்கு வாய்க்கவில்லை. இருவர் கையிலும் பேடெண்டு இருந்தது. ஒருவர் அதைக் கோர்ட்டுகளில் ஆண்டுக்கணக்காகக் காக்கப் பணம் படைத்திருந்தார். மற்றவர் பங்கு பங்காக விற்றுத் தின்றார். சட்டம் இருவருக்கும் ஒன்றே. அதைப் பயன்படுத்தும் வலிமை ஒன்றன்று. உரிமையை ஏட்டில் எழுதிக் கொடுப்பதோடு தன் கடமை தீர்ந்ததென்று எண்ணும் சமூகம், உரிமையைக் காக்க வழியற்ற உழைப்பாளியை ஏமாற்றுகிறது.

சிலை வைப்பது எளிது. செத்தவன் கூலி கேட்பதில்லை, கோபிப்பதுமில்லை. உயிரோடிருக்கும் கைவல்லவன் பிடிவாதக்காரனாயிருப்பான்; கடன்காரனாயிருப்பான்; இன்று சொன்னதை நாளை மாற்றுவான். அவனைப் பொறுத்து, அவன் தொடங்கியதை முடிக்கப் பொருளுதவி, அவன் வழக்கைத் தம் வழக்காக எடுத்து நடத்துவோர் நாட்டில் இருத்தல் வேண்டும். டார்ட்போர்டுத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து எடுத்த காசு ஒருவரை அடக்கம் செய்வதற்கே போதுமானதாயிருந்தது. அவர் பிழைத்திருந்தபோது கொடுக்கக் கூடியவர்கள் கொடுத்திருந்தால், ரயிலின் சரித்திரம் 25 வருஷம் முந்தித் தொடங்கியிருக்கும்.